பத்தொன்பதாவது கழி

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி இருபது நாளாகிறது. குறைப்பது என்றால் என் மனைவிக்கு அடியோடு நிறுத்துவது. காலையில் கஞ்சியைத் தம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, நான் ஊறுகாய் பாட்டில் பக்கம் போகிறேனா என்று அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ருசி இல்லாததால்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். "நாலு நாள்ல பழகிடும்" என்றாள்.

எனக்கு அது பழகிய ருசிதான். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அப்போதும் நாலு நாள்தான், இதே உப்பில்லாத கஞ்சி, மூடி நசுங்கிய ஓர் அலுமினியத் தூக்கில். அதை யார் கொடுத்தார்கள், ஏன் உப்புப் போடாமல் கொடுத்தார்கள் என்பதை நான் வீட்டில் சொன்னதில்லை. வாயால் சொல்ல வராது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பேச்சுக்காரன் இல்லை. பஸ்ஸில் என் ஊர் வந்ததும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஒரு முறை இல்லை, பல முறை. இப்போது கூத்தாநல்லூரில் ஒரு சிமெண்டுக் கடையில் இருக்கிறேன். மூட்டைகள் என்னை எதுவும் கேட்பதில்லை. முதலாளியும் அதிகம் கேட்பதில்லை. அதனால் இத்தனை வருடம் ஓடிவிட்டது.

இருபத்திரண்டு வயதில் கிடைத்த முதல் வேலைகூடப் பேச வேண்டாத வேலைதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் கைவிட்டுப் போன வருடம். பத்தாவது பாஸ் செய்துவிட்டு நான்கைந்து வருடம் சும்மா இருந்தவனை, தெரிந்தவர் ஒருவர் ஒரு சர்வேயரிடம் அனுப்பினார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் என்னிடம் கேட்டது மூன்றே கேள்விகள்.

"வெத்தல போடுவியா?"

"இல்லீங்க."

"பீடி?"

"இல்லீங்க."

"பேச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அதுவும் இல்லியா? ரொம்ப நல்லதாப் போச்சு."

வெற்றிலையும் பீடியும் ஏன் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதிராம்பட்டினத்திலிருந்து கிழக்கே கோடியக்கரை வரைக்கும் கடல் எங்கெங்கே நிலத்துக்குள் நுழைகிறதோ அங்கெல்லாம் நாங்களும் நுழைய வேண்டும். ஒவ்வொரு கழியிலும் உப்புத் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சவுக்கு முளை அடித்து, சிவப்புப் பெயிண்ட் பூச வேண்டும். உப்பை அளக்க சர்வேயர் ஒரு பெட்டி வைத்திருந்தார். உப்புக் காற்றில் அந்தப் பெட்டி பத்தே நாளில் பழுதாகிவிட்டது. அதைத் தட்டிப் பார்த்தார், வெயிலில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பெட்டி கெடக்குது, உன் நாக்கு போதும்யா" என்றார்.

இப்படியாக என் நாக்கு சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கியது. முதலில் கையோடு கொண்டுபோன பம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். பிறகு கழித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நாக்கின் இரண்டு ஓரத்திலும் படும்படி உருட்டித் துப்ப வேண்டும். உப்பு ஏறும் வரிசையில் எங்களிடம் நான்கு ருசிகள் இருந்தன. நல்லது, சப்பு, கரிப்பு, உப்பு. அன்றைய தண்ணீரைப் பார்த்து முடிக்கும் வரை நான் உப்புப் போட்ட எதையும் சாப்பிடக் கூடாது. இதைக் கேட்டுவிட்டு எங்கள் அம்மா, "ஒரு வேலைன்னு போயி ஊர்ச் சாக்கடையெல்லாம் குடிக்கிறியே" என்று அழுதாள்.

ரோட்டிலிருந்து பார்த்தால் நம் கடற்கரை ஒரே கோடாகத்தான் தெரியும். வத்தையில் போனால்தான், அது பழைய வேட்டியின் ஓரம் மாதிரி எத்தனை இடத்தில் கிழிந்து கிடக்கிறது என்று தெரியும். வத்தை என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் படகு. எங்கள் வத்தையை ஓட்டியவர் அதிராம்பட்டினத்து மைதீன் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூங்கில் கோலைச் சேற்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டே ஓயாமல் பேசுவார். எனக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

"தம்பி, இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேளு."

நான் சிரிப்பேன்.

"நீ கேட்டதா நெனச்சிக்கிட்டுச் சொல்றேன். மீன் கொழம்பு. உனக்கு இல்ல. உன் நாக்கு ஆபீஸ் நாக்கு."

கழிகளுக்கு சர்வேயரின் வரைபடத்தில் எண்கள்தான் உண்டு. மூன்றாவது கழியின் வாயை மணல் மூடியிருந்தது. இறங்கி வத்தையை இழுத்துக் கடந்தோம். உள்ளே தண்ணீர் ஒரு மாதத்துக் காப்பி மாதிரி நின்றது. ஏழாவது, அலையாத்திக் காட்டுக்குள் குகை போலப் போகும். இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே கை கோத்துக்கொண்டிருக்கும். தலையைக் குனிந்தே அரை மணி நேரம் போக வேண்டும். பதினொன்றாவது திடீரென்று விரிந்து, கரையே இல்லாத வெள்ளித் தாம்பாளமாக ஆகிவிடும். நடுவில் இறங்கி நின்றால் முழங்கால் அளவுதான் ஆழம். எட்டாவதை நாங்கள் கண்டக்டர் கழி என்று சொல்வோம். எவ்வளவு தூரம் போனாலும் வளைந்து புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். என் பஸ் கதையை மைதீன் பாயிடம் எப்படியோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெயர் அதனால் வந்தது.

பதினான்காவது கழிக்கு அவர் என் பெயரை வைத்தார். உள்ளே காற்று கிடையாது, பறவை கிடையாது, அலைச் சத்தமும் எட்டாது. "ஊமைக் கழி. உன்னாட்டமே இருக்கு பாரு" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வேறு எதற்கும் என் பெயரை யாரும் வைத்ததில்லை.

காலையில் என்னை ஒரு கழியின் உள்ளே இறக்கிவிட்டு, சர்வேயரும் பாயும் அடுத்த கழியின் வாயை அளக்கப் போய்விடுவார்கள். சாயங்காலம்தான் திரும்ப வருவார்கள். அதுவரை நான், ஒரு பாட்டில் தண்ணீர், பெயிண்ட் டப்பா, முளைகள். தண்ணீர் ஏற ஏற நானும் கரையோடு நடந்து, ருசி பார்த்து, குறித்துக்கொள்ள வேண்டும். சேறு அவித்த முட்டையை உரிக்கும்போது வருகிற வாடை அடிக்கும். இன்றைக்கும் வீட்டில் முட்டை அவித்தால் நான் அடுப்படிப் பக்கம் போய் நிற்பேன். எனக்குப் பசி என்று மனைவி நினைப்பாள். சேற்றுக்குள்ளிருந்து அலையாத்தியின் வேர்கள் பென்சில் பென்சிலாக நிற்கும். நண்டு வளைகள் ஒவ்வொன்றாக 'ப்ளக்' என்று திறக்கும். அதைத் தவிர நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மதியத்துக்கு மேல் காது தன்பாட்டுக்கு இரைய ஆரம்பிக்கும். ஒருநாள் பயந்துபோய், குறித்து வைத்திருந்ததை உரக்கப் படித்தேன். "மூன்றாவது முளை, கரிப்பு. நான்காவது முளை, சப்பு." நண்டுகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. என் குரல் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதன் பிறகு தினமும் நண்டுகளுக்கு வாசித்தேன். எதிரே மனிதர் ஒருவர் நின்றால் வராத குரல் அங்கே வந்தது.

பத்தொன்பதாவது கழி மற்றவை போலக் காட்டிலே முடியவில்லை. குறுகிக்கொண்டே போய் ஒரு வடிகால் வாய்க்காலாகி, பலகை போன ஒரு மதகில் போய் முட்டியது. மதகுக்கு அந்தப் பக்கம் வயல்கள். சித்திரை மாதம், நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அமாவாசையை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறும் நாட்கள் என்பதால், அங்கே மட்டும் ஐந்து நாள் பார்க்கச் சொல்லியிருந்தார் சர்வேயர்.

மதகடியில் குனிந்து தண்ணீரை அள்ளி வாயில் வைத்தபோது மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாருங்க அது, மதகுத் தண்ணியக் குடிக்கிறது? வயித்தால போயிடும்."

நாற்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, கையில் ஒரு தூக்கு. பெயர் சிவபாக்கியம் என்று பிறகு தெரிந்தது. பின்னால் அவர் கணவர் மாணிக்கம் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் வேலையைப் பற்றி இரண்டு மூன்று வார்த்தைகளில் சொன்னேன். சிவபாக்கியம் தூக்கை நீட்டினார். கஞ்சியும் சுட்ட கருவாடும். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் முகம் மாறியது. அந்த மாற்றம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் தெருவுக்கு அறுவடை நாட்களில் வருகிறவர்களுக்குத் தம்ளர் தனியாக இருந்தது. தூக்கை மெல்ல இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "உப்பு ஆகாதுங்கக்கா. நாக்கு மாறிடும், வேலை கெட்டுடும்."

தூக்கை மறுபடி முன்னால் கொண்டுவந்தார். பிறகு சிரித்தார். "எங்க ஊட்டுல உப்பு கூடிப்போச்சுன்னு இவரு தெனம் சண்டைக்கு வருவாரு. அவர இந்த வேலைக்கு வச்சுக்க மாட்டாங்களா?"

மறுநாள் தூக்கில் உப்புப் போடாமல் கஞ்சி வந்தது. கருவாடு இல்லை, பச்சை வெங்காயம். மிச்ச நான்கு நாளும் அப்படியே வந்தது.

அந்த வயல்கள் பதினோரு குடும்பங்களுடையவை, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். ஒரு காலத்தில் மிராசுதாரின் நிலம். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிச்சமாகப் போனதை, அதில் கூலிக்கு உழைத்தவர்களுக்கே கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். கொடி பிடித்து, கோர்ட்டுக்குப் போய், ஆட்சி இரண்டு தடவை மாறி, பட்டா கைக்கு வந்தது. கூலித் தகராறு நடந்த வருடம் மாணிக்கத்தின் இடது கையை உடைத்துவிட்டார்கள். எலும்பு கோணலாகவே கூடியிருந்தது. அந்தக் கையை ஆட்டி அவர் சொன்னார்: "இந்தக் கைக்குத்தாங்க ஒரு ஏக்கரா. இன்னொன்னையும் ஒடச்சிருந்தானுவோன்னா ரெண்டா வாங்கியிருப்பேன்."

மூன்றாம் நாள் சிவபாக்கியம் அக்கா என் நோட்டை எட்டிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கீங்க?"

"உப்புன்னு."

"மதகு வரைக்குமா?"

"மதகுக்கு மேலயும். வயல் ஓரம் வரைக்கும் ஏறுதுக்கா."

அவர் தூக்கைக் கீழே வைத்தார். "சித்திரையில வந்து நாக்க நீட்டுனா உப்பாத்தான் இருக்கும். ஆத்துல தண்ணி வந்தாத்தானே கடல வெளிய தள்ளும்? ஆவணியில வந்து இதே எடத்துல குடிச்சுப் பாருங்க, எளநி தோத்துப்போவும். சம்பா போட்டுத்தானே திங்கிறோம். உங்க சர்வேயரு ஊட்டுல கலண்டர் இல்லியா?"

எனக்கும் அது தெரியும். டெல்டாவில் பிறந்த யாருக்கும் தெரியும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் கழிகள் நிறம் மாறிவிடும். ஆனால் மாதம் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எந்த இடம் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"அதையும் எழுதிக்கங்க தம்பி" என்றார். எழுதினேன். "படிச்சுக் காட்டுங்க" என்றார். நண்டுகளுக்குப் படிக்கிற குரலில் படித்தேன். "கழி பத்தொன்பது. ஆவணி முதல் தை வரை நல்ல தண்ணீர். சம்பா விளைகிறது. சொன்னவர் சிவபாக்கியம்."

"என் பேரையுமா போட்டீங்க?"

"போட்டிருக்கேன்கா."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். மாணிக்கம் வரப்பிலிருந்து, "கடுதாசில ஏறிட்டா, இனிமே கையில புடிக்க முடியாது" என்றார்.

அந்த நோட்டு கரட்டு நோட்டு. நல்ல பிரதி முத்துப்பேட்டையில், சர்வேயர் தங்கியிருந்த வீட்டு மாடியில் எழுதினோம். நான் வாசிக்க வாசிக்க அவர் கட்டம் போட்ட தாளில் பேனாவால் எழுதினார். கழி எண், வாயின் அகலம், நீளம், ருசி. அவ்வளவுதான் கட்டங்கள்.

"பத்தொன்பது?"

"உப்பு சார். மதகுக்கு அந்தப் பக்கம் வயல் ஓரம் வரைக்கும்."

எழுதினார். நான் அக்கா சொன்ன அடுத்த வரியில் விரலை வைத்திருந்தேன். "சார்" என்றேன்.

"என்னய்யா?"

பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நிப்பில் ஒரு சொட்டு மை திரண்டு நின்றது. அது தாளில் விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்தது இருபதா?"

"ஆமா சார்."

கழி வேலை முடிந்தது. யாருக்காக அளந்தோம் என்பது வைகாசியில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடந்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஜமாபந்தி என்றால் வருடத்துக்கு ஒரு முறை நிலக் கணக்குகளை மேலதிகாரி முன்னால் வைத்துச் சரிபார்ப்பது. ஊர் ஜனங்கள் மனுவோடு வருவார்கள். ஓர் இறால் கம்பெனிக்கு உப்புத் தண்ணீர் ஏறும் நிலம் வேண்டியிருந்தது. மிராசுதாரின் மகன் அந்தக் கம்பெனிக்குக் கூட்டாளி. அந்தப் பதினோரு ஏக்கரும் உவர் பாய்ந்த தரிசு, சாகுபடிக்கு லாயக்கில்லை, ஆகவே பட்டாவை ரத்து செய்ய வேண்டும் என்று மனு. மனுவோடு சர்வேயரின் கட்டம் போட்ட தாள். ஏதாவது கேட்டால் சொல்வதற்கு என்று என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். மைதீன் பாயும் வந்து வாசலில் நின்றார்.

சிவபாக்கியம் அக்கா வெளுத்த சேலை கட்டி, பட்டாவை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த தைரியத்தை நான் மறக்க வேண்டும் என்று பல வருடம் முயன்றிருக்கிறேன்.

"அந்தத் தம்பி இருக்காருங்கய்யா. அவருதான் நாக்குல வச்சுப் பாத்தவரு. அவரையே கேளுங்க."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "நீதான் பாத்தியா?"

"ஆமாங்கய்யா."

"நல்ல தண்ணியா, உப்பா?"

"உப்புதாங்கய்யா."

அது பொய் இல்லை. நான் பார்த்தபோது உப்புதான். அவர் எழுதத் தொடங்கினார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க தம்பி" என்றார் சிவபாக்கியம் அக்கா. "நோட்டுல இருக்குறதப் படிங்க."

நோட்டு என் தோள்பையில்தான் இருந்தது. அந்த அறையில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சர்வேயர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கழியில் கொப்பளிக்கத் தண்ணீர் தீர்ந்துபோன நாட்களில் அப்படி ஒட்டும்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்கய்யா."

சிவபாக்கியம் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பட்டாவை மறுபடி சுருட்டிப் பைக்குள் வைக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். மாணிக்கம்தான் சொன்னார்: "வா புள்ள. அவரு நாக்குக்கு உப்பு மட்டுந்தான் தெரியும்போல."

வெளியே மைதீன் பாய் பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு வந்தார். முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் வந்தார். பஸ் வந்ததும், "பதினாலாம் நம்பருக்கு உன் பேரு வச்சது சரிதான்" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் சொல்லியிருந்தாலும் அவர்கள் நினைத்ததைத்தான் செய்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்வேன். பல நேரம் அது சரியாகவே தோன்றும். ஆனால் கடையில் ஆளில்லாத மதிய நேரங்களில், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "ஆவணி முதல் தை வரை நல்ல தண்ணீர்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அங்கே தெளிவாக வரும்.

பதினோரு பட்டாவும் ரத்தாகி, வயல்களில் இறால் குட்டைகள் வெட்டினார்கள். இறால் சில வருடம் நன்றாக விளைந்தது, லாரி லாரியாகப் போனது என்று சொன்னார்கள். பிறகு நோய் வந்தது, இறால் செத்தது, கம்பெனி போய்விட்டது. உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

போன புரட்டாசியில் முத்துப்பேட்டைக்கு ஒரு சிமெண்டு லோடு போனது. நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். முதலாளி ஆச்சரியப்பட்டார். ஏழாவது கழியில் இப்போது சுற்றுலா வருகிறவர்களைப் படகில் கூட்டிப் போகிறார்கள், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டி. குகையாக இருந்த இடத்தில், பெரிய புயலுக்குப் பிறகு, பட்ட மரங்கள்தான் நிற்கின்றன. பதினான்காவதைத் தேடினேன். அதன் வாய் மணலால் மூடி, மேலே புல் முளைத்திருந்தது. அங்கே ஒரு கழி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பத்தொன்பதாவது இருந்தது. வயல் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெள்ளை பூத்த குழிகள். குடியிருப்பில் மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன, மற்றவை சுவர்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "இங்க சிவபாக்கியம்னு..." என்று கேட்டேன். கேட்டுவிட்டேன் என்பதே எனக்குப் பெரிய விஷயம். "எல்லாம் திருப்பூர்ப் பக்கம் போயிட்டாங்களே" என்றார். "நீங்க யாரு, சொந்தமா?" என்றார். நான் மதகைப் பார்த்து நடந்தேன்.

மேலே ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. வழியில் நானே பார்த்தேன். மதகடியில் இறங்கி, பாட்டில் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு கை அள்ளினேன். உப்பு. மாத்திரை சாப்பிடுகிறவனின் நாக்கு, தவறாக இருக்கலாம் என்று இன்னொரு கை அள்ளினேன். கரிப்புகூட இல்லை. உப்புதான். அவ்வளவு வருடத்துக்கு முன்னால் தாலுகா ஆபீஸில் நான் சொன்ன பதில், இப்போது எல்லா மாதத்துக்கும் பொருந்துகிறது.

கரட்டு நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். அக்கா சொல்லி எழுதிய பென்சில் வரிக்குக் கீழே இடம் இருந்தது. "புரட்டாசி, உப்பு" என்று எழுத வேண்டியதுதான் முறை. பென்சிலை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் அந்த அக்கா சொன்னது பொய் என்று ஆகிவிடும். எழுதவில்லை. நோட்டில் ஆவணியிலிருந்து தை வரை இன்னும் நல்ல தண்ணீர்தான்.